அத்தியாயம் 4: கமராவைத் திறக்க முன்

உக்குவளையில் வாசனைத் திரவிய வியாபாரம் செய்பவருக்கு வீடியோவுக்கு விஷயப் பஞ்சமே கிடையாது. சாதிக்காய் மரத்திலேயே வெடித்து, கொட்டையைச் சுற்றி வசுவாசி சிவப்பு வலையாகத் தெரிவதைக் கொழும்பில் தொடர்மாடியில் இருப்பவர் கண்டிருக்க மாட்டார். மிளகு கொடியில் பச்சையாகத் தொங்கி, வெயிலில் கறுத்துச் சுருங்குவதைப் பார்க்காமலே ஆயுள் முழுக்க மிளகுத்தூள் வாங்குகிறவர்கள் ஏராளம். நம் வளவில் நாளும் கிடக்கும் காட்சி அவர்களுக்குப் புதினம். இருந்தும் நம் பக்கத்துச் சிறு வியாபாரிகளின் வீடியோக்கள் பல ஒரே அச்சில் வார்த்தவைதான்: மேசையில் அடுக்கிய பாக்கெட்டுகள், பின்னால் ஒரு சினிமாப் பாட்டு, கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கம்.

போன் மலிவானது என்பது இதற்குக் காரணமல்ல. வீடியோ எடுக்கும் எண்ணமே பாக்கெட் ஒட்டி முடிந்த பிறகுதான் வருகிறது. அதற்குள் பறித்தது, காயப் போட்டது, புடைத்தது, வறுத்தது, அரைத்தது எல்லாம் நடந்து முடிந்துவிடும். மிஞ்சுவது பாக்கெட் மட்டும். அதைத்தான் படம் எடுக்க முடியும். ஆகவே ஆயத்தம் என்று நான் சொல்வது ஸ்டாண்ட் வாங்குவதையோ விளக்கு வாங்குவதையோ அல்ல. தொழில் நடக்கிற நாளை முன்கூட்டி அறிந்து, அந்த நாளில் கமரா அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்வதைத்தான்.

வீட்டில் கறித்தூளும் திரவியமும் தயாரித்து விற்கும் ஒரு குடும்பத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அம்மா அரைக்கிறார், மகள் போனைப் பிடிக்கிறார், மகன் பார்சல் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல், பத்திக், பலகாரம், மரக்கன்று என்று வேறு தொழில் செய்பவர்கள் தங்கள் பொருளை இதில் பொருத்திக்கொள்ளலாம்.

முதலில் கேள்விகளைச் சேருங்கள்

ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் வாட்ஸ்அப்பைத் திறவுங்கள். கடந்த சில மாதங்களில் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட சொல்லிலேயே எழுதுங்கள். "அக்கா, மஞ்சள்ல ஒண்டும் கலக்கிறல்லதானே?" "தம்பி, கடைல இதவிடக் குறைய இருக்கே, ஏன்?" "மிளகாய்த்தூளுக்கு உப்புப் போடுவீங்களா?" "இது நம்மட கறுவாவா, மத்ததா?" "எத்தன மாசம் வெச்சிப் பாவிக்கலாம்?" ஒவ்வொரு கேள்வியும் ஒரு வீடியோ. நீங்களாக யோசித்துக் கண்டுபிடிக்கும் எந்தத் தலைப்பும் இவற்றுக்கு இணையாகாது. கேட்டவர் ஒருவர் என்றால், கேட்காமல் வேறு கடைக்குப் போனவர்கள் அதைவிட அதிகம்.

மஞ்சளைப் பற்றிய சந்தேகம் சும்மா வந்ததல்ல. 2019 முடிவில் இலங்கை மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 2020இல் விலை பல மடங்கு ஏறியது. மாவும் நிறமும் கலந்த தூள் சந்தைக்கு வந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை கடைகளைச் சோதனையிட்டது. அந்த நாட்களைக் கடந்து வந்த வாடிக்கையாளரிடம் 'நூறு வீதம் தூய மஞ்சள்' என்று எழுதிக் காட்டினால் அவர் நம்ப வேண்டிய அவசியமில்லை. கலந்து விற்றவரும் அதையேதான் எழுதியிருந்தார். கிழங்கை அவித்து, காயவைத்து, உடைத்து, மில்லில் போட்டு, தூள் வெளியே வருவதை ஒரே தொடர்ச்சியாகக் காட்டுங்கள். அதைப் பொய்யாகச் செய்வது கடினம் என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சில சோதனைகள் கமராவுக்கு மிகவும் ஏற்றவை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பொதுமக்களுக்கென்று இப்படிப் பலவற்றை வெளியிட்டிருக்கிறது. கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கராம்பைப் போட்டால் நல்லது அடியில் போகும். எண்ணெய் வடித்தெடுத்த சக்கைக் கராம்பு மிதக்கும். முற்றிய மிளகு தாழும். கலந்திருக்கும் பப்பாசி விதை மிதக்கும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் தூவினால் தூய தூள் அடியில் படியும்போது தண்ணீர் இலேசான மஞ்சளாகவே இருக்கும். நிறம் சேர்த்தது என்றால் தண்ணீர் கடும் மஞ்சளாகும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. முற்றாத மிளகும் மிதக்கும். தண்ணீர்ச் சோதனை எல்லாக் கலப்படத்தையும் பிடிக்காது. 'இந்தச் சோதனை இதை மட்டும்தான் காட்டும்' என்று வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்கிற வியாபாரிகள் குறைவு என்பதால் அந்த ஒரு வசனமே உங்களுக்குப் பெயர் வாங்கித் தரும்.

கறுவாக் கேள்விக்கு இன்னும் இலகுவான விடை உண்டு. நம் நாட்டுக் கறுவாக் குச்சியின் வெட்டுமுகத்தைக் கமராவுக்கு நேரே பிடித்தால், மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சுருண்டிருப்பது தெரியும். கசியா பட்டை தடிப்பாக, ஒற்றையாகச் சுருண்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, விரலால் நொறுக்கிக் காட்டினால் விளக்கமே தேவையில்லை. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதல் குறியீடு அது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எடுக்கும் வீடியோவில் இதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் குறியீட்டின் இலச்சினையை உங்கள் பாக்கெட்டில் ஒட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும்; இணையத்தில் இறக்கி ஒட்டிக்கொள்ளும் படமல்ல அது.

விலையைப் பற்றிய கேள்விதான் பலருக்கும் சங்கடம். அதற்கும் விடை தராசில் இருக்கிறது. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். பறித்த அன்று நிறுத்துப் படம் எடுங்கள். அதே தராசில், அதே கூடையில், காய்ந்த பிறகு மறுபடி நிறுத்துப் படம் எடுங்கள். இரண்டையும் ஒட்டினால் இருபது வினாடிக்குள் வேலை முடியும். 'எங்கள் விலை நியாயமானது' என்று வாயால் சொல்லத் தேவையில்லை.

தோட்டத்தின் நாட்காட்டி

இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். திரவியத் தொழிலில் படம் எடுக்கும் நாளை நீங்கள் தீர்மானிப்பதில்லை, மரம் தீர்மானிக்கிறது.

கராம்பு மாத்தளை, கண்டிப் பக்கங்களில் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே இறக்கப்படுகிறது. மொட்டு இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும்போதே பறித்துவிட வேண்டும். பூ விரிந்தால் விலை போய்விடும். அதாவது ஒரு மரத்துக்குப் படம் எடுக்கத்தக்க நாட்கள் கைவிரல் விட்டு எண்ணத்தக்கவை. மரத்தில் ஏணி சாத்தியிருக்கும் காட்சி வேண்டும் என்று ஆகஸ்ட்டில் நினைத்துப் பயனில்லை.

வனிலா இதைவிடக் கடினம். பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். மெல்லிய குச்சியால் பூவின் உள்மடலைத் தூக்கி, விரலால் அழுத்தும் அந்த முறையை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். இன்றைக்கும் உலகம் முழுக்க ஏறக்குறைய அதே முறைதான். காய் முற்ற ஒன்பது மாதமளவு ஆகும். அதற்குப் பிறகு பதப்படுத்த வேண்டும். ஒரு வனிலாக் காயின் முழுக் கதையையும் காட்ட விரும்புகிறவர், விற்பனைக்கு ஒரு வருடம் முந்தியே கமராவோடு தோட்டத்தில் நின்றிருக்க வேண்டும். அப்படி நின்றவரின் வீடியோவை வேறெவராலும் அடுத்த வாரமே பார்த்து எடுத்துவிட முடியாது. சிறு வியாபாரிக்குக் கிடைக்கும் பெரிய அனுகூலம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆகவே சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, உங்கள் பொருட்கள் ஒவ்வொன்றும் எந்த மாதம் எந்த நிலையில் இருக்கும் என்று குறியுங்கள். சொந்தத் தோட்டம் இல்லாதவர்கள் கொள்முதல் செய்யும் தோட்டக்காரரிடம் கேட்கலாம். மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பிரதேச உத்தியோகத்தர்களிடமும் கேட்கலாம். மழையையும் பக்கத்தில் எழுதுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடியோடு மழை கொட்டும். அந்த மாதங்களில் பின்னேரம் வெளியில் எடுப்பதாகத் திட்டம் போடாதீர்கள்.

பருவம் வந்துவிட்டால் அன்றைக்கே வீடியோ போட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். எடுக்கக்கூடியதை எல்லாம் துண்டு துண்டாக எடுத்துச் சேமியுங்கள். பத்து வினாடி பறிப்பது, பத்து வினாடி காம்பு கிள்ளுவது, பத்து வினாடி பாயில் பரப்புவது. டிசம்பரில் எடுத்த துண்டு யூலையில் வேறொரு கேள்விக்குப் பதிலாக வேலை செய்யும். கோப்புக்குத் திகதியும் பொருளும் வரும்படி பெயர் வையுங்கள். பெயரில்லாத நானூறு துண்டுகளுக்குள் ஒன்றைத் தேடுவது நெற்குவியலில் ஊசி தேடும் வேலை.

வெளிச்சமும் 50 ஹேர்ட்ஸும்

நம் ஊர் வெயிலுக்குக் காலை ஒன்பதுக்கு முன்னும் பின்னேரம் நாலுக்குப் பின்னும்தான் நல்ல குணம். உச்சி வெயில் தலைக்கு மேலே நிற்கும்போது கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். வெள்ளைத் துணியில் பரப்பிய மிளகு வெறும் கறுப்புப் பொட்டாகத் தெரியும். வீட்டுக்குள் எடுப்பதென்றால் வாசலுக்கோ யன்னலுக்கோ பக்கவாட்டில் உட்காருங்கள். முதுகை யன்னலுக்குக் காட்டினால் முகம் இருண்டுவிடும்.

மின்விளக்கில் எடுப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை வரும். படத்தில் கிடைமட்டமாகக் கறுப்புப் பட்டிகள் மெல்ல ஓடும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்கு மட்டும் தெரியும். போன் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு போகிறார்கள். பழுது எதுவுமில்லை. பொல்கொல்லையில் மகாவலியைத் திருப்பி, மலைக்குள் சுரங்க வழியாகக் கொண்டுவந்து, 1976 முதல் நம் உக்குவளை மின்நிலையத்தில் கரண்ட் எடுக்கிறார்கள் அல்லவா? அதுவும் நாட்டின் மற்ற மின்நிலையங்களும் தருவது வினாடிக்கு 50 சுற்று மின்னோட்டம். அதனால் சாதாரண விளக்கு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. அமெரிக்காவில் அது 60 சுற்று. பல போன்கள் அந்தக் கணக்குக்கு ஏற்ப வினாடிக்கு 30 படம் எடுக்கும்படியே வருகின்றன. இரண்டு கணக்கும் பொருந்தாததால் பட்டி விழுகிறது.

தீர்வு செலவில்லாதது. கமரா அமைப்பில் 'அன்டி ஃபிளிக்கர்' என்று இருந்தால் 50 ஹேர்ட்ஸைத் தெரிவு செய்யுங்கள். ஐபோனில் 'பால்' வகைகளைக் காட்டும்படி வைத்து, 25 படம் என்பதை எடுங்கள். ஷட்டரைக் கையால் மாற்ற முடிந்த போனில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று. இதற்கெல்லாம் வழியில்லாத பழைய போன் என்றால் விளக்கை அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள். பகல் வெளிச்சம் துடிப்பதில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளும் மிளகாய்த்தூளும் நிறத்தால் விற்பவை. மஞ்சள் பல்புக்குக் கீழே மஞ்சள்தூள் வெளிறிவிடும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் தூளின் நிறமும் சரி. திரையில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் குவியமும் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கை குறுக்கே போகும் ஒவ்வொரு தடவையும் படம் இருண்டு வெளிக்கும். நிறத்தைக் கூட்டும் ஃபில்டரைத் தொடவே வேண்டாம். பார்சலைப் பிரிக்கும்போது வேறு நிறம் இருந்தால் கலப்படம் என்றுதான் நினைப்பார்கள்.

சாமான்கள்

அதிகம் இல்லை. ஒரு போன், ஒரு முக்காலி ஸ்டாண்ட், சட்டையில் குத்தும் ஒரு சிறிய மைக், கண்ணாடி துடைக்கும் பருத்தித் துணி. துணிதான் முக்கியம், தேங்காயெண்ணெய்க் கை பட்ட லென்ஸில் எடுத்தால் எல்லாம் பனி மூடியதுபோல் வரும். 1080க்கு 1920 அளவு, நெட்டாக. 4கே தேவையில்லை: ஐபோனில் ஒரு நிமிடம் 1080இல் ஏறக்குறைய 60 எம்பி, 4கேயில் 170 எம்பி. மிச்சமாகும் இடத்திலும் டேட்டாவிலும் இன்னும் பல துண்டுகள் எடுக்கலாம்.

முதல் நாள் இரவே சார்ஜ் போடுங்கள். கரண்ட் நம் கையில் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் நின்றதற்குப் பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த குரங்கைக் காரணமாகச் சொன்னார் மின்சக்தி அமைச்சர். நம் தோட்டத்துக் குரங்குகளுக்கு அவ்வளவு அதிகாரம் இல்லைதான். ஆனால் ஸ்டாண்டில் தனியாக நிற்கும் போனைத் தூக்கிக்கொண்டு மரமேறும் அளவுக்கு உண்டு. வெளியில் எடுக்கும்போது ஸ்டாண்டின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும்.

சத்தம்

படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள். சத்தம் கரகரத்தால் அடுத்ததற்குத் தள்ளிவிடுவார்கள். மில் ஓடும்போது பேசாதீர்கள்; மில் சத்தத்தைத் தனியாக எடுங்கள், பேச்சைத் தனியாக எடுங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் எடுப்பதை நிறுத்துங்கள். வீதியோரக் கடை என்றால் பஸ் ஓட்டம் குறைந்த நேரம் எது என்பது உங்களுக்கே தெரியும். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மாத்தளை ரயில் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி, விகாரையின் பண உபதேசம் ஒலிக்கும் நேரங்களில் நிறுத்திக்கொள்வது மரியாதைக்கும் நல்லது, ஒலிக்கும் நல்லது.

பின்னணிக்குச் சினிமாப் பாட்டு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டிக்டொக்கில் வியாபாரக் கணக்கு வைத்திருப்பவர் வணிகத்துக்கென்று அனுமதித்த இசைத் தொகுப்பிலிருந்து மட்டுமே எடுக்க முடியும். மற்றப் பாட்டைப் போட்டால் வீடியோ ஊமையாகிவிடலாம். அதைவிட, உரலில் உலக்கை விழும் சத்தம், சட்டியில் மல்லி வறுபடும் சத்தம், சுளகில் மிளகு புரளும் சத்தம் ஆகியவை உங்களிடம் இலவசமாக இருக்கின்றன. எந்தப் பாட்டும் இவற்றைப்போல் வாய் ஊற வைக்காது.

இடமும் கையும்

ஒரே இடத்தைத் தெரிவு செய்து, எப்போதும் அங்கேயே எடுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு குடும்பம் 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021 யூலையில் ஒரு கோடி சந்தாதாரரை எட்டியது. தமிழில் அந்த அளவைத் தொட்ட முதல் சேனல் அது. அவர்களிடம் படப்பிடிப்புக் கூடம் இருக்கவில்லை. வயல்வெளி, அதே தாத்தா, அதே பேரன்மார், ஒவ்வொரு பொருளையும் கமராவுக்கு முன் நீட்டிப் பெயரை உரத்துச் சொல்லும் அதே முறை. பார்ப்பவர் இரண்டாவது தடவை வரும்போது இடம் அடையாளம் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுத் திண்ணையும் ஒரு பழைய சாக்கும் போதும்.

சின்ன வீடியோக்களில் முகத்தைவிடக் கைதான் அதிக நேரம் தெரியும். நகம் வெட்டியிருக்கட்டும். வளையல், மோதிரம் கழற்றியிருக்கட்டும். தலைமுடி மூடியிருக்கட்டும். இது அழகுக்காக மட்டுமல்ல. ஒரு தடவை போட்ட வீடியோ நீங்கள் உணவு தயாரிக்கும் விதத்துக்குச் சாட்சி. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் போன் வைத்திருக்கிறார். பின்னணியில் பூனை நடமாடும் வீடியோவைப் பார்த்து அவர் வந்தால் பிழை அவருடையதல்ல.

மில் பக்கம் எடுக்கும்போது சேலைத் தலைப்பு, சால்வை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பட்டிக்குக் கிட்டப் போகக் கூடாது. நல்ல கோணம் வேண்டும் என்று காவல் தகட்டைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வீடியோவும் ஒரு விரலுக்குச் சமமில்லை. மிளகாய்த் தூசு பறக்கும் இடத்தில் போனைச் சற்றுத் தூர வைத்துப் பெரிதாக்கி எடுங்கள். சார்ஜ் துளைக்குள் தூள் போனால் செலவு.

சொல்லக் கூடாதவை

மாத்தளை வீதியோரத் திரவியத் தோட்டங்களில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லும் கதைகள் நமக்குத் தெரியும். வழுக்கையில் முடி வளரும் எண்ணெய், வயிறு குறையும் சாறு, சர்க்கரை வியாதியை விரட்டும் தூள். அந்தப் பேச்சை வீடியோவில் கொண்டுவராதீர்கள். உணவுப் பொருளொன்று நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழுள்ள ஒழுங்குவிதிகள் இடம் தருவதில்லை. வாயால் சொல்வது காற்றோடு போகும், வீடியோ போகாது. 'எங்கள் அம்மம்மா தடிமனுக்கு மல்லியும் இஞ்சியும் அவித்துத் தருவார்' என்பது குடும்பக் கதை, சொல்லலாம். 'இது தடிமனைக் குணமாக்கும்' என்பது மருத்துவ உரிமைகோரல். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தாண்டாதீர்கள்.

காட்டக் கூடாதவையும் உண்டு. பார்சலில் ஒட்டிய வாடிக்கையாளரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், உங்கள் வங்கிப் புத்தகம், அடையாள அட்டை. பார்சல் கட்டும் வீடியோ எடுக்கும் மகன் இதை ஒவ்வொரு தடவையும் சரிபார்க்க வேண்டும். பறிக்கும் பெண்களின் முகத்தை எடுக்க முன் அவர்களிடம் கேளுங்கள். சம்பளம் கொடுப்பவர் கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள் என்பதால், "முகம் வேணாம் எண்டா கையை மட்டும் எடுக்கிறம் அக்கா" என்று வழியையும் சேர்த்தே சொல்லுங்கள். அயல் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். ரயில் பாதையில் நின்று எடுக்க வேண்டாம், மின்நிலையப் பக்கம் கமராவோடு போக வேண்டாம், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிட வேண்டாம்.

எந்த மொழியில்

வீட்டில் பேசுகிறபடியே பேசுங்கள். தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசத் தொடங்கினால் உங்களுக்கே நாக்குப் புரளும். ஆனால் எழுத்தில் சிங்களமும் இருக்க வேண்டும். நம் அயலில் வாங்குபவர்களில் பெரும்பாலோர் சிங்களத்தில்தான் வாசிக்கிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பாமல், பக்கத்து வீட்டு அக்காவிடமோ கடைக்கு வரும் ஆசிரியரிடமோ ஒரு தடவை காட்டித் திருத்துங்கள். தமிழ் எழுத்தையும் பாருங்கள். சில எடிட்டிங் செயலிகளில் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகப் பிரிந்து நிற்கும். எழுத்துருவை மாற்றினால் சரியாகும். கீழே இருக்கும் பட்டன்கள் எழுத்தை மறைக்காதபடி நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள்.

எங்கே போடுவது என்பதை அடுத்த அத்தியாயங்களில் விரிவாகப் பார்ப்போம். ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்திருப்பது நல்லது. இந்தியா 2020 யூன் 29ஆம் திகதி டிக்டொக்கைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் உள்ள உறவினரோ வாடிக்கையாளரோ உங்கள் டிக்டொக்கைப் பார்க்க முடியாது. அவர்களுக்கு இன்ஸ்டகிராம் ரீல்ஸோ யூடியூப் ஷோர்ட்ஸோதான் வழி. அதனால் செயலிக்குள்ளேயே படம் எடுக்காமல், போனின் கமராவில் எடுத்துச் சேமித்துப் பிறகு எல்லா இடத்திலும் போடுங்கள்.

ஒரு தாளில் திட்டம்

எடுக்கும் அன்று கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். நீண்ட வசனம் எழுத வேண்டாம். கராம்பு வீடியோவுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும். கேள்வி: "கடைக் கராம்பு நல்லதா எண்டு எப்பிடிப் பார்க்கிற?" முதல் மூன்று வினாடி: கண்ணாடிக் குவளைக்குள் கராம்புகள் விழுகின்றன, சில மிதக்கின்றன. பேச்சு இல்லை. அடுத்து அம்மாவின் கை மிதப்பதை எடுத்து நசுக்குகிறது: "இதுல எண்ணெய் இல்ல." அடுத்து வீட்டுக் கராம்பு விழுந்து அடியில் போகிறது. அடுத்து, சனவரியில் சேமித்த துண்டு: மரத்தில் இளஞ்சிவப்பு மொட்டுகள், பறிக்கும் கை. கடைசியில் பாக்கெட், நிறை, விலை, வாட்ஸ்அப் இலக்கம். மொத்தம் முப்பது வினாடிக்குள்.

விலையைச் சொல்லாமல் 'இன்பொக்ஸ் வாருங்கள்' என்று போடுவது நம்மிடையே பரவிவிட்ட கெட்ட பழக்கம். விலை கேட்டு எழுதக் கூச்சப்படும் பெண்கள், வயதானவர்கள் பலர் அப்படியே நழுவிப் போகிறார்கள். விலையை எழுதுங்கள். மாறும் விலை என்றால் திகதியையும் எழுதுங்கள்.

எடுத்த அன்றே ஒரு தடவை, சத்தத்தை முழுதாக அடைத்துவிட்டுப் பாருங்கள். பஸ்ஸில் பார்ப்பவர் அப்படித்தான் பார்க்கிறார். சத்தமில்லாமல் விளங்காவிட்டால் ஏதோ ஒரு காட்சி குறைகிறது. பொருள் இன்னும் பாயில் இருக்கும்போதே அதை எடுத்துவிடலாம். தொழில் தெரியாத ஒருவரிடம் காட்டி, "என்ன விளங்கிச்சு?" என்று மட்டும் கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

கராம்பு இறக்குவது டிசம்பரில் தொடங்கும். நவம்பர் முடிய முன் தோட்டக்காரரிடம் பேசி நாளைக் கேட்டு வையுங்கள். போனில் குறைந்தது பத்து ஜீபி இடத்தைக் காலி செய்யுங்கள். இன்றிரவே கொப்பியை எடுத்து, வாட்ஸ்அப்பில் வந்த முதல் கேள்வியை எழுதுங்கள்.